இணைப்பின் வழியே செல்லும் சொல்: இணையத் தரவுக் கடத்தலும் கொழும்புத் தமிழ் வாசகரும் – ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர், அது எதன்மீது பொறிக்கப்பட்டது என்பதிற் செலுத்தும் கவனத்தை, எவ்வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சென்றடைந்தது என்பதிற் பெரும்பாலும் செலுத்துவதில்லை. கல், செப்பேடு, ஓலை, தாள் என்னும் வரிசை நாம் யாவரும் அறிந்ததே. ஆயின் ஓலையைச் சுமந்து சென்றவன் யார், வழியில் அதனைப் படிக்கக் கூடியவர் எவர், சேரவேண்டிய இடத்தை அது சிதையாமற் சேர்ந்ததா என்னும் வினாக்களும் எழுத்தின் வரலாற்றுக்கு உரியனவே. இக்காலத்தில் அவ்வினாக்கள் இணையத்தைக் குறித்தும் எழுகின்றன. ஓர் இணைப்பை அழுத்தும்போது நாம் ஒரு பக்கத்தைத் திறப்பது மட்டுமன்று. ஒரு செய்தியை அனுப்பியும் விடுகின்றோம். அச்செய்தியில் தமிழ்ச் சொல் இடம்பெறும்போது நேர்வது யாது? அதனை அனுப்பிய தமிழ் வாசகருக்கு நேர்வது யாது? கொழும்பின் தமிழர் வாழ் பகுதிகளான வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகியவற்றை மனத்திற் கொண்டு இவ்விரு வினாக்களையும் வரலாற்று முறையில் நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முகவரியும் வினாவும்

ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிம் பேர்ணேர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முன்வைத்த திட்டமே உலகளாவிய வலையின் தோற்றுவாய் என்பது பலரும் அறிந்தது. 1991ஆம் ஆண்டளவில் வழக்கிலிருந்த அதன் முதல் நெறிமுறையில் ஒரேயொரு வினைச்சொல்லே இருந்தது. 'பெறு' என்பது அதன் பொருள். உலாவி ஒரு முகவரியைக் கூறி 'பெறு' என்று கேட்கும். வழங்கி அந்த ஆவணத்தைத் தரும். இவ்வெளிய ஏற்பாட்டில் வாசகர் தமது பக்கத்திலிருந்து எதனையும் கூறுவதற்கு இடமிருக்கவில்லை. தொலைபேசி விவரத் திரட்டு போன்ற ஒன்றிலே தேட விரும்பியபோதுதான் அத்தேவை எழுந்தது. அதற்குக் கண்ட வழி மிக எளியது. முகவரியின் இறுதியில் ஒரு வினாக்குறியை இட்டு, அதன் பின்னே தேடற்சொற்களைக் கூட்டற்குறியால் இணைத்து எழுதினர். முகவரியாக மட்டும் இருந்தது அன்றுதொட்டுக் கடிதமாகவும் ஆயிற்று எனலாம்.

1993ஆம் ஆண்டில் இல்லினோய் பல்கலைக்கழகத்தின் மீகணினி நிலையத்தார் மொசையிக் என்னும் உலாவியில் நிரப்பத்தக்க படிவங்களைப் புகுத்தினர். அவர்களே, வழங்கியானது தான் பெற்ற வினாவை ஒரு செய்நிரலிடம் ஒப்படைக்கும் முறையையும் அவ்வாண்டில் வகுத்தனர். வினாக்குறியின் பின் வருவன 'பெயர் = மதிப்பு' என்னும் இணைகளாக அமைந்தன; ஓரிணையை அடுத்த இணையினின்றும் பிரிக்க '&' என்னும் உம்மைக்குறி வந்தது. எமது நூலகங்களில் நூல் கேட்டு நிரப்பிக் கொடுக்கும் சிட்டையை இதற்கு ஒப்பிடலாம். ஆசிரியர் பெயர் ஒரு கோட்டில், நூற்பெயர் மறுகோட்டில், எண் இன்னொரு கோட்டில் என எழுதும்போது, கோடுகளே நாம் எழுதியவற்றை ஒன்றோடொன்று கலவாமற் காக்கின்றன. இணைப்பில் அக்கோடுகளின் தொழிலை வினாக்குறியும் உம்மைக்குறியும் சமக்குறியும் ஆற்றுகின்றன. எனவே, எழுதும் சொல்லிலேயே அக்குறிகள் இடம்பெறுமாயின் சிட்டை குழம்பிவிடும். இது பின்னர் நாம் காணப்போகும் தமிழ்ச் சிக்கலுக்கு வித்தாகும்.

'பெறு' என்பதோடு 'இடு' என்னும் இரண்டாவது வினைச்சொல்லும் நெறிமுறையிற் சேர்ந்தது. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான நெறிமுறையின் 1.0 பதிப்பில் இரண்டும் விளக்கப்பட்டன. 'பெறு' முறையிலே வாசகர் எழுதியன முகவரியிலேயே ஒட்டிச் செல்லும். 'இடு' முறையிலே முகவரிக்கு வெளியே, செய்தியின் உடலாகச் செல்லும். முன்னையது தபாலட்டை, பின்னையது உறையிலிட்ட கடிதம். ஆயினும் உறைக்குள் இட்டதெல்லாம் மறைபொருள் ஆகிவிடாது. வழியிலுள்ளோர் உறையைப் பிரிக்கக் கூடும். அதனைத் தடுப்பது மறைகுறியாக்கம் ஒன்றே. இவ்வேறுபாட்டை அக்காலத் தளங்களை அமைத்தோரிற் பலர் பொருட்படுத்தவில்லை. கடவுச்சொற்களையும் வாசகரை அடையாளங் காணும் எண்களையும் முகவரியிலேயே ஏற்றி அனுப்பும் வழக்கம் நெடுநாள் நிலவியது.

2. காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும்

இலங்கைக்குரிய 'எல்கே' என்னும் ஆள்களப் பெயர் 1990ஆம் ஆண்டிற் பதிவாயிற்று. பல்கலைக்கழகங்களை இணைத்த கல்வி ஆய்வு வலையமைப்பு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை முதன்மையாகக் கொண்டு வளர்ந்தது. 1995ஆம் ஆண்டில் வணிக அடிப்படையிலான இணையச் சேவை தொடங்கியது. எனினும் வீட்டிற் கணினியும் தொலைபேசி இணைப்பும் வைத்திருந்தோர் அக்காலத்தில் மிகச் சிலரே. பெரும்பாலான தமிழ் வாசகர் இணையத்தைச் சந்தித்த இடம் தெருவோரத் தொலைத்தொடர்பு நிலையமே ஆகும். பேச்சுவழக்கில் அது 'கொமியூனிகேஷன்' எனப்பட்டது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், அங்கிருந்து வந்தோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளிலும் விடுதிகளிலும் தங்கினர். வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தோர், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குக் காத்திருந்தோர், மருத்துவத்துக்கு வந்தோர், கல்விக்கு வந்தோர் எனப் பலதிறத்தார் அவருள் அடங்குவர். காலி வீதியின் இருமருங்கிலும், கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதியை அண்டிய பகுதிகளிலும் இயங்கிய தொலைத்தொடர்பு நிலையங்கள், ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பரிசுக்கும் நிமிடக் கணக்கில் குரலைக் கடத்தின. 1990களின் பிற்பகுதியில் அதே நிலையங்களில் இணையத்துடன் கூடிய கணினிகளும் இடம்பெறலாயின. குரலுக்குக் கட்டணம் பெற்றவர் மணித்தியாலக் கணக்கில் எழுத்துக்கும் கட்டணம் பெற்றார்.

ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தொலைபேசிக் கூண்டிற் பேசிய பேச்சுக் காற்றோடு போய்விடும். கணினியோ தான் சென்ற தடத்தைக் குறித்துவைக்கும். உலாவி தான் திறந்த முகவரிகள் யாவற்றையும் வரிசையாகப் பதிந்துகொள்கிறது. 'பெறு' முறையில் அனுப்பப்பட்ட சொல் முகவரியின் உறுப்பாகையால், அச்சொல்லும் அவ்வரிசையில் நின்றுவிடுகிறது. அடுத்து அக்கதிரையில் அமர்பவர் முகவரிக் கட்டத்தில் ஓரெழுத்தை அடிக்கும்போதே, முன்னவர் தேடியது விரிந்து தோன்றும். பின்செல் பொத்தானை அழுத்தினால் முன்னவர் வாசித்த பக்கமே தோன்றுதலும் கூடும். தனியொருவர்க்கு உரிய கணினியில் வசதியாக அமைந்த இவ்வியல்பு, பலர் பகிரும் கணினியில் வேறு பொருள் பெற்றது. கணினி ஒருவருக்கு உரியது என்னும் எடுகோளின் மேலேயே உலாவி வடிவமைக்கப்பட்டிருந்தது. வெள்ளவத்தையின் நடைமுறையோ அவ்வெடுகோளுக்கு மாறானது.

இது வெறுந் தொழினுட்ப நுணுக்கமாக அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. கொழும்பில் தங்கியிருந்த தமிழர் தாம் வந்த காரணத்தைப் பொலிசாருக்கு விளக்கவேண்டியிருந்த காலம் அது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் தேதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழரில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரினின்றும் வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே மாதத்தில் தமிழ்நெற் என்னும் செய்தித்தளம் இலங்கையிற் பார்க்க முடியாதவாறு தடுக்கப்பட்டது. ஒருவர் எதனை வாசித்தார், எதனைத் தேடினார் என்பதே வினாவுக்கு உட்படக்கூடிய சூழலில், முகவரியில் எழுதப்பட்ட சொல்லுக்கும் உறையிலிட்ட சொல்லுக்கும் உள்ள வேறுபாடு சமூக வேறுபாடாக மாறுகிறது. தளத்தை அமைத்தவர் கலிபோர்னியாவில் அமர்ந்து செய்த தெரிவு ஒன்று, காலி வீதியில் அமர்ந்திருந்தவரின் அந்தரங்கத்தைத் தீர்மானித்தது.

3. பாமினியும் இணைப்பின் குறிகளும்

தமிழ்ச் சொல் இணைப்பிற் பயணிக்க முயன்றபோது எதிர்ப்பட்ட முதல் தடை எழுத்துக் குறியீடாகும். 1994ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான இணைய முகவரி விதிகள், ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றையே முகவரியில் அனுமதித்தன. ஏனையவற்றைச் சதவீதக் குறியும் அதனைத் தொடரும் இரு பதினறும எண்களுமாக மாற்றி எழுத வேண்டும் என்பது விதி. அவ்வெண்கள் எம்மொழியின் எக்குறியீட்டைச் சார்ந்தன என்பதை அவ்விதிகள் வரையறுக்கவில்லை. ஆங்கிலத்துக்கு அவ்வரையறை தேவைப்படாமையே அதற்குக் காரணம் எனலாம்.

அக்காலத்தில் ஈழத்தவரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பரவலாக வழங்கியது பாமினி எழுத்துரு. கொழும்பின் அச்சுக்கோப்பு நிலையங்கள் பலவும், புலம்பெயர் நாடுகளின் இதழ்கள் பலவும் அதனைப் பயன்படுத்தின. பாமினியின் இயல்பு யாதெனில், கணினியின் நினைவில் இருப்பது ஆங்கில எழுத்தே. கண்ணுக்குத் தோன்றுவது மட்டுமே தமிழ். 'தமிழ்' என்று திரையிற் காண்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். எழுத்துருவை நீக்கினால் மொழி மறைந்து குறிகளே எஞ்சும்.

தாளில் அச்சிடுவதற்கு இவ்வேற்பாடு போதுமானதாயிருந்தது. அதனை இணைப்பில் ஏற்றியபோதோ எதிர்பாராத முரண் விளைந்தது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி ஆங்கில அரைப்புள்ளியால் எழுதப்படும். இணைய முகவரியிலோ அரைப்புள்ளி ஒதுக்கப்பட்ட குறிகளுள் ஒன்று. 1997ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான எச்ரிஎம்எல் 4.0 விதிகள், இணைகளைப் பிரிப்பதற்கு உம்மைக்குறிக்குப் பதிலாக அரைப்புள்ளியையும் ஏற்றுக்கொள்ளுமாறு வழங்கிகளுக்குப் பரிந்துரைத்தன. அவ்வாறு ஏற்ற வழங்கி ஒன்றிற்குக் கைப்பட எழுதிய இணைப்பொன்று 'தமிழ்' என்னும் சொல்லைச் சுமந்து சென்றால், ழகர மெய்யின் புள்ளி சொல்லின் உறுப்பாகக் கொள்ளப்படாது, சொல் முடிந்துவிட்டதன் அடையாளமாகக் கொள்ளப்படும். தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்யை மெய்யாக்கிய புள்ளி, இணைப்பிலே வேலியாக நின்றது.

இன்னும் உண்டு. பாமினியில் 'ரூ' என்னும் எழுத்து உம்மைக்குறியாலும் 'மூ' என்னும் எழுத்துச் சதவீதக் குறியாலும் எழுதப்படுவன. எனவே 'ரூபவாஹினி' என்னும் சொல்லைத் தேடும்படி கைப்பட அமைத்த இணைப்பிலே, முதலெழுத்தே பிரிகுறியாகிவிடுதலால் வழங்கி பெறும் மதிப்பு வெறுமையாகும். எஞ்சிய பகுதி பொருளற்ற வேறொரு பெயராகக் கருதப்படும். 'மூதூர்' என்னும் ஊர்ப்பெயரிலே, சதவீதக் குறியைத் தொடர்ந்து பதினறும எண் வராமையால் முகவரியே பிழையானதாகிவிடும். படிவத்தை நிரப்பி அனுப்பும்போது உலாவி இக்குறிகளைத் தானே மாற்றிக் காத்துவிடும். ஆகவே படிவம் வேலை செய்யும், இணைப்பு வேலை செய்யாது. ஒரே சொல் ஒருவழியிற் போய்ச் சேர்ந்து மறுவழியிற் சேராமற் போகும் இத்தகைய நிலைமையிலே, காரணத்தைக் காண்பது எளிதன்று.

இம்முரண்கள் தற்செயலானவையே. பாமினியை அமைத்தோர் தட்டச்சு விசைகளின் எண்ணிக்கை போதாமையால் எஞ்சிய குறிகளைப் பயன்படுத்தினர். இணைய விதிகளை வகுத்தோரும் சொற்களில் அரிதாக வரும் குறிகளையே தெரிந்தனர். இருசாராரும் ஒரே எஞ்சிய சொத்தைப் பங்கிட்டனர். ஒருவரையொருவர் அறியாமற் செய்த தெரிவுகள் மோதியபோது, தாக்கம் தமிழின் பக்கமே விழுந்தது.

4. ஒருங்குறி: ஆறெழுத்தும் நூற்றெட்டும்

1991ஆம் ஆண்டு ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எனினும் பொது மக்களின் கணினியில் அது இயல்பாகத் தோன்றத் தொடங்கியது, லதா எழுத்துருவுடன் வெளிவந்த விண்டோஸ் 2000 தொடக்கமாகவே. 2003ஆம் ஆண்டிற் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியையே அடிப்படையாகக் கொண்டது. இலங்கையில் எஸ்எல்எஸ் 1326 என்னும் தமிழ்க் குறியீட்டுக் கட்டளை 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இதற்கிடையில் 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இணைய முகவரி விதிகள் திருத்தி வெளியிடப்பட்டன. புதிய முகவரி முறைகளில் ஆங்கிலமல்லாத எழுத்துகளை முதலில் யூரிஎப்-8 குறியீட்டுக்கு மாற்றி, அதன் பின்னரே சதவீதக் குறியிட வேண்டும் என்னும் வழி அதிற் கூறப்பட்டது. பல மொழி எழுத்துகளை நேரே ஏற்கும் முகவரிக்கான விதியும் அம்மாதத்திலேயே வெளிவந்தது. தமிழ்ச் சொல்லுக்கு இணைப்பிலே உறுதியான வடிவம் கிடைத்தது இதன் பின்னரே எனல் பொருந்தும்.

அவ்வடிவத்தின் நீளமோ வியப்புக்குரியது. யூரிஎப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்றுகள் தேவை. ஒவ்வொரு பைற்றும் சதவீதக் குறியுடன் மூன்று எழுத்தாக விரியும். ஆகவே ஒரு தமிழ்க் குறி இணைப்பில் ஒன்பது எழுத்தாகும். எமது இரு ஊர்ப்பெயர்களையே எடுத்துக்கொள்வோம். தமிழிலக்கண முறைப்படி 'வெள்ளவத்தை' ஆறெழுத்து, 'கொட்டாஞ்சேனை'யும் ஆறெழுத்தே. உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணும் ஒருங்குறியிலோ முன்னையது 10 குறிகள், பின்னையது 12 குறிகள். இணைப்பில் அவை முறையே 90 எழுத்தாகவும் 108 எழுத்தாகவும் நீளும். அப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்தும் 8 எழுத்துமே. 160 எழுத்துக் கொள்ளும் குறுஞ்செய்தி ஒன்றில் 'கொட்டாஞ்சேனை' என்னும் சொல்லைச் சுமக்கும் இணைப்புக்குப் பின் எஞ்சுவது 52 எழுத்து. தளத்தின் பெயரும் அதிலேயே அடங்க வேண்டும்.

இதனால் விளைந்த நடைமுறை இடர்கள் பல. மின்னஞ்சல்களில் நீண்ட இணைப்பு வரி முறிந்து, பாதியே அழுத்தத்தக்கதாக எஞ்சியது. அச்சில் வெளியான இணைப்பை வாசகர் ஒருவர் பிழையின்றித் தட்டச்சிடுதல் நடவாத காரியம். உலாவிகள் காலப்போக்கில் முகவரிக் கட்டத்திலே தமிழைத் தமிழாகவே காட்டின. ஆயினும் அதனைப் படியெடுத்து ஒட்டும்போது சதவீதக் குறிகளின் நீண்ட வரிசையே பெரும்பாலும் வந்து விழுகிறது. பார்ப்பது ஒன்று, கைக்கு வருவது மற்றொன்று.

ஒரே சொல்லுக்கு இரு வடிவம் உண்டாதலும் நோக்கத்தக்கது. கொகரத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை. இணைப்பிலோ முன்னைய 'கொட்டாஞ்சேனை' 108 எழுத்து. பின்னையது 117 எழுத்து. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் ஏற்பாடு வழங்கியிற் செய்யப்படாதவிடத்து, ஒன்றுக்குப் பக்கம் கிடைக்கும், மற்றதற்குக் கிடைக்காது. 'கௌரி' என்பதை எகரக் கொம்பும் ளகரமும் கொண்டு 'கெளரி' என எழுதும் பழக்கமோ இவ்வேற்பாட்டாலும் தீராதது. ஏனெனில் அவ்விடத்து எழுத்தே வேறு. ஏட்டுச் சுவடிகளில் எகர ஏகார வேறுபாடும் ரகரமும் காலும் மயங்கியமையால் பதிப்பாசிரியர் பட்ட இடரை நாம் அறிவோம். பாடபேதம் என்னும் பழஞ்சிக்கல் இணைப்பிலும் தொடர்கின்றது.

2010ஆம் ஆண்டில் '.இலங்கை' என்னும் தமிழ் ஆள்களப் பெயர் ஏற்கப்பட்டமை குறிப்பிடத்தக்க நிகழ்வாகும். ஆயின் ஆள்களப் பெயருக்குரிய மாற்றுமுறை வேறு. எக்ஸ், என் என்னும் எழுத்துகளும் இரு சிறுகோடுகளும் முன்னே வர, ஆங்கில எழுத்து வரிசையாக அது மாற்றப்படும். ஆகவே முற்றுந் தமிழிலே அமைந்த ஓர் இணைப்பு, முற்பகுதியில் ஒரு வேடமும் பிற்பகுதியில் வேறொரு வேடமும் பூண்டே பயணஞ் செய்கிறது.

5. வாசகரின் செயலும் அதன் விளைவும்

இணைப்பின் வழியே மட்டுமன்றி, உலாவியில் நாம் செய்யும் சிறு செயல்கள் வழியாகவும் தரவு கடத்தப்படுகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செல்லும்போது, எங்கிருந்து வந்தோம் என்பதை உலாவி புதிய தளத்துக்கு அறிவிக்கும் வழக்கம் தொடக்க காலத்திலேயே ஏற்பட்டது. அதற்கு இட்ட ஆங்கிலப் பெயரில் ஓரெழுத்து விடுபட்டுப்போயிற்று. 1996ஆம் ஆண்டின் விதிகளிலும் அப்பிழை அவ்வாறே பதிவாகி, இன்றளவும் நிலைத்துள்ளது. முன்னைய முகவரியில் தேடற்சொல் இருந்தால், அச்சொல்லும் அடுத்த தளத்தைச் சென்றடையும். மருந்தின் பெயரைத் தேடியவரின் வினா மருந்து விற்பவருக்குத் தெரிந்துவிடும். 2020ஆம் ஆண்டிலேயே குரோம் உலாவி, வேறு தளத்துக்குச் செல்லும்போது தளப்பெயரை மட்டும் அறிவிக்கும் வழக்கத்தை இயல்பாகக் கொண்டது.

ஒரு வாசகரை அடுத்தடுத்த பக்கங்களில் அடையாளங்காணும் தேவைக்கு, நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சார்ந்த லூ மொன்ருல்லி 1994ஆம் ஆண்டில் குக்கி என்னும் முறையை வகுத்தார். குக்கியை ஏற்காத உலாவிகளுக்காக, அடையாள எண்ணை ஒவ்வொரு இணைப்பிலும் சேர்த்து எழுதும் வழக்கமும் இருந்தது. அவ்வாறான இணைப்பை ஒருவர் ரொறன்ரோவிலுள்ள உறவினருக்கு அனுப்பினால், பக்கத்தோடு தமது அடையாளத்தையும் அனுப்பியவராவார். திறப்பைக் கடித உறையில் இட்டு அனுப்புவதை ஒத்தது இது.

'பெறு' என்பது கேட்டலாகவே இருத்தல் வேண்டும். மாற்றுதலும் அழித்தலும் 'இடு' முறைக்கே உரியன என்பது நெறிமுறையின் உட்கிடை. அதனைப் புறக்கணித்ததன் விளைவு 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிப்பட்டது. கூகுள் வெளியிட்ட விரைவூக்கிச் செயலியொன்று, வாசகர் அழுத்தக்கூடும் எனக் கருதிப் பக்கத்திலுள்ள இணைப்புகளைத் தானே முன்கூட்டிப் பெற்று வைத்தது. சில தளங்களில் 'அழி' என்பதும் சாதாரண இணைப்பாக அமைந்திருந்தமையால், எவரும் அழுத்தாமலே தரவுகள் அழிந்தன. படிவத்தை அனுப்பியபின் பக்கத்தைப் புதுப்பித்தால் 'மீண்டும் அனுப்பவா?' என உலாவி வினவுவதும் இவ்வேறுபாட்டைக் காப்பதற்கே.

6. நிலைத்த முகவரி

இதுவரை கூறியன சொல் சென்று சேர்தல் பற்றியன. சேர்ந்த இடம் நிலைத்திருத்தல் பற்றிய வினா ஈழத்தமிழர்க்குத் தனிப்பொருள் உடையது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் தேதி இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நூலோடு நூற்பட்டியும் அழியும்போது, எதனை இழந்தோம் என்பதையே சொல்ல இயலாத நிலை உண்டாகிறது. 2005ஆம் ஆண்டில் தன்னார்வலரால் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். அதன் பணிகள் பல்லாண்டுக் காலம் வெள்ளவத்தையிலிருந்தும் நடைபெற்றன. ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பல்லாயிரமாக அங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

தரவை இணைப்பிற் கடத்தும் முறையில் அத்தளம் இரு வழிகளை ஒருங்கே கையாண்டமை எமது ஆய்வுக்குப் பயன்தருவது. ஒன்று பெயர்வழி. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளையே நூலகமும் பயன்படுத்துவதால், ஒவ்வொரு ஆவணத்தின் பக்கமும் அதன் தமிழ்ப் பெயரையே முகவரியாகக் கொள்ளும். சஞ்சிகையாயின் பெயரோடு ஆண்டும் மாதமும் சேரும். அம்மென்பொருள் ஒகரக் குறியின் இரு வடிவங்களையும் ஒன்றாக்கிவிடும் இயல்புடையது. எனினும் தலைப்பு 255 பைற்றுகளுக்கு மேற்படலாகாது என்னும் வரம்பும் அதில் உண்டு. ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து; தமிழுக்கு 85 குறிகளே. நீண்ட தலைப்புடைய பழைய நூல்களுக்கு இது சிறு இடமாகும்.

மற்றையது எண்வழி. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓரெண் வழங்கி, நூறு நூறாகத் தொகுத்து, அவ்வெண்ணையே கோப்பின் இருப்பிடமாக்கினர். 925 என்னும் எண்ணுடைய ஆவணம் 10ஆம் தொகுதியில் 925 என்னும் உறையில் 925 என்னும் கோப்பாக இருக்கும். இம்முகவரியில் வினாக்குறி இல்லை, உம்மைக்குறி இல்லை, சதவீதக் குறி இல்லை. தாளிற் குறிக்கலாம், தொலைபேசியிற் சொல்லலாம், குறுஞ்செய்தியில் அனுப்பலாம். பெயர் வாசகருக்குப் பொருளுணர்த்தும், ஆயின் வழியிற் சிதையக்கூடும். எண் பொருளுணர்த்தாது, ஆயின் சிதையாது. இரண்டையும் பேணியமை, நூலகவியலார் நெடுங்காலம் கைக்கொண்ட தலைப்புப்பட்டி, சேர்க்கையெண் என்னும் இரட்டை முறையின் தொடர்ச்சியே எனலாம்.

நீண்ட இணைப்புகளைச் சுருக்கித் தரும் சேவைகளும் எண்வழியையே பின்பற்றின. ஆனால் அவை பிறர் கையில் இருந்தன. கூகுளின் சுருக்கச் சேவை 2019ஆம் ஆண்டில் புதிய இணைப்புகளை உருவாக்குவதை நிறுத்தியது. அதற்கு முன்னரே, 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிற்றிஸ் தளத்தை மூடியபோது, அங்கு இலவசமாக இடம்பெற்றிருந்த தமிழ்ப் பக்கங்களின் முகவரிகளும் வெறுமையாயின. நல்ல முகவரி மாறுவதில்லை என்னும் கருத்தைப் பேர்ணேர்ஸ்-லீ 1998ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். முகவரி தானாக மாறுவதில்லை, அதனைப் பேண வேண்டியோர் பேணாமையால் மாறுகிறது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

முடிவாக, இவ்வாய்வினின்றும் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, தரவு இணைப்பிற் செல்லும் முறை வாசகர் தனித்த கணினி உடையவர் என்னும் எடுகோளில் எழுந்தது. பகிர்ந்த கணினியில் அமர்ந்த கொழும்புத் தமிழர்க்கு அதன் குறைகளே முதலில் எட்டின. இரண்டாவது, தமிழ்ச் சொல் இணைப்பிற் சிதையாமற் செல்லுதல் மொழியின் இயல்பாலன்றி, குறியீட்டு விதிகளை வகுக்கும் அவைகளில் எவர் அமர்ந்திருந்தனர் என்பதாற் தீர்மானிக்கப்பட்டது. ஆங்கே தமிழறிந்தோர் இருத்தல் அலங்காரமன்று, தேவையாகும். மூன்றாவது, இணைப்பைப் பேணுதல் நூலைப் பேணுதலின் ஓர் உறுப்பே. எமது பல்கலைக்கழக மாணவர் தாம் எழுதும் ஆய்வேடுகளில் இணைய முகவரிகளை இன்று தாராளமாகக் காட்டுகின்றனர். அவற்றுள் எத்தனை பத்தாண்டின் பின்னரும் திறக்கும் என்பதை எண்ணி, ஆவணத்தின் பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றையும் முகவரியோடு சேர்த்துக் குறிப்பார்களாயின், இணைப்பு அறுந்த பின்னரும் நூலைத் தேடிச் செல்ல வழியிருக்கும்.